ஏரி கட்டிய ஊர்கள்: இடைக்காலத் தொண்டை மண்டலத்தில் மழையும் குடியிருப்பும்

(பெருங்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



இடைக்காலத்தில் காலநிலை மாற்றம் சிற்றூர்களை எப்படி உருவாக்கியது, எப்படிக் கலைத்தது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். இதைப் பேசுவதற்குப் பெருங்குடியைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் அதிகம் இல்லை. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் அன்று பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2019 கோடையில் இதே நகரத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பகுதி மறுபடியும் மூழ்கியது. எட்டு ஆண்டுக்குள் இரண்டு வெள்ளம், நடுவில் ஒரு கடும் வறட்சி. மனிதர் செய்த தவறுகள் இதில் நிறைய உண்டு. ஆனால் மழை இப்படி ஏறி இறங்குவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கே ஊர் அமைத்தவர்கள் இதே மழையை வைத்துக்கொண்டுதான் வாழ்ந்தார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்டை மண்டலத்து ஊர் மழையை நேராக எதிர்கொள்ளவில்லை. நடுவில் ஓர் ஏரியை நிறுத்திக்கொண்டது. எனவே மழை கூடியபோதும் குறைந்தபோதும் அதன் விளைவு ஏரியின் வழியாகத்தான் ஊரை எட்டியது. ஏரியைப் பேணும் ஏற்பாடு உயிரோடு இருந்த இடத்தில் மோசமான மழைக்காலத்தையும் ஊர் தாண்டியது. அந்த ஏற்பாடு தளர்ந்த இடத்தில் நடுத்தரமான வறட்சிக்கே ஊர் கலைந்தது. காலநிலை வரலாற்றை இடைக்காலக் குடியமைப்போடு பொருத்திப் பார்க்கிறவர்கள் இந்த இடைப்பட்ட கண்ணியைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1. இரண்டு மழைகள், இரண்டு வரலாறுகள்

உலகக் காலநிலை வரலாற்றில் ஏறத்தாழ 950 முதல் 1250 வரையான காலத்தை இடைக்கால வெப்பக் காலம் என்றும், 14ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சிறு பனியுகம் என்றும் அழைப்பது வழக்கம். சோழர் ஆட்சி விஜயாலயனோடு 850 வாக்கில் தலையெடுக்கிறது, 1279இல் முடிகிறது. வெப்பக் காலத்தோடு இது ஏறக்குறைய ஒத்துப்போவதைப் பார்த்து, நல்ல மழை சோழரை வளர்த்தது, மழை குறைந்ததும் அவர்கள் சரிந்தார்கள் என்று எழுதுகிறார்கள்.

இந்தப் பொருத்தத்தை நான் முழுவதும் தள்ளிவிடவில்லை. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் தண்டக் குகை இருக்கிறது. அங்கே சுண்ணாம்பு நீர் சொட்டிச் சொட்டி வளர்ந்த கல்தூணில் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்து, கி.பி. 600 முதல் 1500 வரையான மழையின் போக்கை ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வு, 14ஆம் நூற்றாண்டிலும் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பருவமழை வெகுவாகத் தளர்ந்திருந்ததைக் காட்டுகிறது. தக்காணத்தில் 1396 முதல் 1407 வரை நீண்டதாகச் சொல்லப்படும் துர்காதேவிப் பஞ்சம் இந்தக் காலத்துக்குள் வருகிறது. சான்று வலுவானதுதான்.

ஆனால் அது தென்மேற்குப் பருவமழையின் சான்று. காவிரி குடகில் பிறக்கிறது. ஜூன், ஜூலையில் அங்கே பெய்யும் மழைதான் தஞ்சை வயலுக்குத் தண்ணீராக வருகிறது. சோழ நாட்டுக்குத் தண்டக் குகையின் சாட்சியம் ஓரளவு செல்லும். தொண்டை மண்டலத்தின் கதை வேறு. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவு. அதில் ஐந்தில் மூன்று பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அதுவும் சீராகப் பெய்வதில்லை. வங்கக்கடலில் உருவாகும் நாலைந்து தாழ்வழுத்தங்கள் கரையேறினால் ஏரி நிரம்பும். வடக்கே ஆந்திரத்துக்கோ ஒடிசாவுக்கோ திரும்பிவிட்டால் ஏரித் தரை தெரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பசிபிக் கடல் வெப்பமாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குன்றுகிறது. அதே ஆண்டுகளில் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுகிறது. 2015 அப்படிப்பட்ட ஆண்டு: நாட்டின் பெரும்பகுதி வறண்டது, சென்னை மூழ்கியது. இடைக்காலத்திலும் இதே இயக்கம் இருந்திருந்தால், பஸ்தர் குகைத் தூணில் வறட்சியாகப் பதிவான சில ஆண்டுகள் காஞ்சிபுரத்தில் கரை உடைந்த ஆண்டுகளாக இருந்திருக்கலாம். எனவே 'இந்தியாவின் இடைக்காலக் காலநிலை' என்று ஒரே கோடு போட்டு, அதன் மேல் தஞ்சையையும் காஞ்சியையும் ஒருசேர வைப்பது தவறு.

ஆயிரமாவது ஆண்டு முதலான காலநிலையின் வரலாற்றை 1967இல் நூலாக எழுதிய பிரெஞ்சு அறிஞர் லெ ருவா லதூரி ஓர் ஒழுங்கை வற்புறுத்தினார்: முதலில் காலநிலையின் வரலாற்றை அதற்காகவே எழுதுங்கள், மனிதர் மேல் அதன் விளைவை அப்புறம் பேசலாம் என்றார். நமக்கு அந்த முதல் வேலையே இன்னும் பாக்கி.

2. ஊர் எங்கே அமைந்தது

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பகுதியை 'ஏரி மாவட்டம்' என்று சொல்வது வழக்கம். தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் கணக்கில் உள்ளன. அவை நெருக்கமாக அமைந்த பகுதிகளுள் இதுவும் ஒன்று. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிகிறது. சரிவின் குறுக்கே பிறை வடிவில் ஒரு கரை எடுத்தால் மேல்பக்கம் நீர் தேங்கும். கரைக்குக் கீழே ஆயக்கட்டு. கரையின் ஓரத்தில், வெள்ளம் ஏறாத மேட்டில் நத்தம். நிரம்பி வழியும் நீர் கலங்கல் வழியாகப் போக்குக்காலில் இறங்கி, அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாகும். இந்தப் பகுதியிலேயே பாருங்கள்: சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீர் இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்கிறது.

இந்த அமைப்பு ஊரின் வடிவத்தையே முடிவு செய்தது. காவிரிப் படுகையில் வாய்க்கால் நெடுகச் சிறுசிறு ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். எங்கே வீடு கட்டினாலும் பக்கத்தில் நீர் உண்டு. இங்கே அப்படி முடியாது. ஏரியின் கொள்ளளவு ஆயக்கட்டை அளந்தது. ஆயக்கட்டு எத்தனை குடி வாழலாம் என்பதை அளந்தது. வீடுகள் சிதறாமல் நத்தத்தில் கூடி நின்றன. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே ஏரியின் நீர்ப்பிடிப்பு, மேய்ச்சல் தரை, புதர்க்காடு ஆகியவை வெற்றிடமாகக் கிடந்தன. வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிகிற அந்த நிலம்தான் ஏரிக்கு மழையைச் சேர்த்துக் கொடுத்தது. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழ நாட்டு அரசியல் புவியியல் நூல், கல்வெட்டு ஊர்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்து நாடுகளின் எல்லையைக் காட்டியது. குடியிருப்பு நீரோட்டத்தைத் தழுவிச் செறிவதையும் நடுவில் பெரும் இடைவெளிகள் விடுபடுவதையும் அந்த வரைபடங்களில் யாரும் கண்ணால் காணலாம்.

ஊர்கள் தாமாக முளைத்துப் பரவின என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் ஏரி முதலில், ஊர் அப்புறம். மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் பெயரால் மகேந்திர தடாகம். மாமண்டூரில் சித்திரமேக தடாகம். கூரம் செப்பேடு முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் வெட்டிய பரமேசுவர தடாகத்தைச் சொல்கிறது. அதற்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டி நீர் கொண்டுவந்ததையும் சொல்கிறது. வானத்தை மட்டும் நம்பாமல், ஆற்றில் ஒரு கை வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. காவேரிப்பாக்கம் பேரேரி மூன்றாம் நந்திவர்மனோடு தொடர்புடையது. அவன் விருதுப்பெயரால் அவ்வூர் அவனிநாரணச் சதுர்வேதிமங்கலம் ஆனது. பல்லவ அரசன் மழையின் ஏற்றத்தாழ்வைத் தாங்கும் கருவியைக் கட்டி, அதன் கீழே குடியேற்றினான். மழை நிச்சயமாக இருந்திருந்தால் இத்தனை ஏரிக்குத் தேவையே இருந்திருக்காது.

இதற்குள் ஒரு சமூக வரைபடமும் இருந்தது. இராசராசனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் ஒவ்வோர் ஊரிலும் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று வரிசையாகச் சொல்கின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அவற்றில் வருகிறது. குடியிருப்பு எங்கே என்பது சாதியால் வகுக்கப்பட்டிருந்தது. வெள்ளம் வந்தால் யார் வீட்டுக்குள் முதலில் நுழையும், நீர் குறைந்தால் யார் நிலம் கடைமடையாகக் காயும் என்ற கேள்வியைக் கேட்காமல் 'ஊர் தாக்குப்பிடித்தது' என்று எழுதுவது அரை வரலாறு. மண்வெட்டி பிடித்து ஏரிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் அந்தச் சேரிகளைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

3. தூம்பும் வாரியமும்

ஏரி கட்டுவது ஒருமுறை வேலை. அதைக் காப்பது ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டிய வேலை. ஏரியின் பகை வறட்சியைவிட வண்டல்தான். ஒவ்வொரு பெருமழையும் தண்ணீரோடு மேட்டு மண்ணையும் கொண்டுவருகிறது.

இதைத் தெரிந்துகொண்டுதான் தூம்பை அமைத்தார்கள். கோடையில் பழைய ஏரிக்குள் நடந்துபோனால், கரையிலிருந்து சற்று உள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம். தூண்களை இணைத்து ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் குறுக்குக் கற்கள். அவற்றின் நடுவில் துளை. அந்தத் துளைகளின் வழியே ஒரு நீண்ட கழி இறங்கி, அடியில் உள்ள கல்தொட்டியின் வாயை அடைத்திருக்கும். நீர்க்கட்டி நீந்திப் போய்க் கழியை உயர்த்தினால் நீர் மேலுள்ள நீரோடித் துளை வழியே தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். தொட்டியின் அடிப்பக்கத்தில் சேறோடித் துளைகள் இருக்கும்; பாயும் நீரின் இழுப்பில் அடிச்சேறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம். குமிழித் தூம்பு என்று இதைச் சொல்வார்கள். பல தூம்புக் கற்களில் கட்டியவர் பெயர் வெட்டியிருக்கும். எழுத்து நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வெட்டியிருப்பதைப் பார்க்கும்போது, ஏரி நிறைந்த நாளிலும் தம் பெயரை ஊர் படிக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

தூம்பு வெளியேற்றுவது கொஞ்சம்தான். மீதியை மனிதர் அள்ள வேண்டும். உத்திரமேரூருக்கு வாருங்கள். அங்குள்ள பேரேரி வயிரமேக தடாகம்; பல்லவன் தந்திவர்மனின் விருதுப்பெயர் அது. அதே ஊரில் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, குடவோலைத் தேர்தலைச் சொல்கின்றன. பள்ளிப் பாடத்தில் குடவோலையைப் படிக்காத தமிழர் குறைவு. எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அந்தப் பாடத்தில் அமுங்கிப்போகிறது. முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்து, சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று 360 நாள் பொறுப்பில் அமர்த்தினார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு தனிக் குழு, அதற்கு ஆண்டுதோறும் புது ஆட்கள். கணக்குக் காட்டாதவர்கள் மறுபடி தேர்வில் நிற்க முடியாது. அவர்களின் நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது.

அந்த வட்டாரக் கல்வெட்டுகளில் ஏரியில் ஓடம் விட்டு வண்டல் அள்ளுவதற்குப் பொன்னும் நிலமும் வைத்த அறக்கட்டளைகள் உண்டு. நீர் நிறைந்திருக்கும்போதே ஓடத்தில் போய், அடிமண்ணை வாரி, கரையில் கொண்டுவந்து கொட்டுவது அந்த வேலை. வட்டியிலிருந்து ஆட்களுக்குக் கூலி. பல ஊர்களில் ஏரிப்பட்டி என்று தனி நிலம் ஒதுக்கி, அதன் விளைச்சலை ஏரிக்கே செலவிட்டார்கள். ஏரி ஆயம் என்று வரியும் வாங்கினார்கள். அறக்கட்டளைச் சொற்பொழிவில் நின்று சொல்கிறேன்: இந்த மண்ணின் பழைய அறக்கட்டளைகளில் பல ஓடத்துக்கும் சேற்றுக்கும் வைத்தவை.

இந்த ஏற்பாடு நீண்ட ஆயுள் உள்ளது. 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டு ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களைத் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் கும்பினிக்காக அளந்தார். அந்தப் பதிவுகளிலும் களத்து மேட்டில் அளக்கும் நெல்லில் ஊர்ப் பணியாளர்களுக்கும் பொது வேலைகளுக்கும் தனிப்பங்கு இருந்ததைக் காண்கிறோம். மன்னர் வம்சங்கள் மாறிய எட்டு நூற்றாண்டுக்குப் பிறகும் ஏரிக்கென்று நெல் ஒதுக்கும் பழக்கம் இங்கே முற்றும் அறவில்லை.

4. நல்ல நூற்றாண்டிலும் பஞ்சம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். திருவாரூர் மாவட்டத் திருப்பாம்புரத்தில் 1201ஆம் ஆண்டுக்குரிய மூன்றாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் கெட்டு, நெல் காசுக்கு மூன்று நாழி விற்ற நேரத்தில், ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் பசி பொறுக்காமல் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார்கள். ஆலங்குடியில் பஞ்சம் வந்தபோது சபை கோயிலின் பொன்னையும் வெள்ளியையும் கடன் வாங்கி நெல் வாங்கியது.

உலகக் காலநிலைக் கணக்குப்படி 1201 வெப்பக் காலத்துக்குள் வருகிற, 'நல்ல' ஆண்டு. முந்நூறு ஆண்டுச் சராசரி ஒரு தகப்பனுக்குச் சோறு போடாது. ஊரைக் குலைப்பது தொடர்ந்து வரும் இரண்டு மூன்று கெட்ட ஆண்டுகளும், அந்த நேரத்தில் கைவசம் இருந்த நெல்லும், கடன் தர ஆள் இருந்ததா என்பதும்தான். ஆலங்குடியில் சபை ஊருக்காகக் கடன்பட்டது. திருப்பாம்புரத்தில் ஒரு குடும்பம் தன்னையே கொடுத்தது. இரண்டுமே கோயிலிடம்தான் போய் நின்றன. நடுவில் ஊர் நின்றதா, இல்லையா என்பதில்தான் வேறுபாடு.

5. பதினான்காம் நூற்றாண்டில் என்ன நடந்தது

இந்தக் கேள்வியில்தான் காலநிலை ஆய்வாளர்கள் அதிகம் பேசுகிறார்கள். கம்போடியாவின் அங்கோர் நகரத்தின் சரிவை வியட்நாம் மலைமரங்களின் ஆண்டு வளையங்களோடு பொருத்தி, பிரெண்டன் பக்லி குழுவினர் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல பத்தாண்டு வறட்சி. பிறகு மிகக் கடுமையான மழை ஆண்டுகள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் வறட்சி. வறட்சியில் கைவிடப்பட்ட கால்வாய் அமைப்பு, திடீர்ப் பெருவெள்ளத்தில் சிதைந்தது என்பது அவர்கள் விளக்கம். நம் ஏரிக்கும் இதே வரிசை பொருந்தும். நீரில்லாத ஆண்டில் வாரியம் கூடாது, வண்டல் அள்ள ஆளிராது, கரையில் எலிவளை பெருகும், நீர்ப்பிடிப்பில் புல் தேய்ந்து மண் வெறிக்கும். அடுத்து வரும் பெருமழையில் கரை உடையும். வறட்சி தொடங்கிவைத்ததை வெள்ளம் முடித்துவைக்கும்.

இலங்கையின் ராஜரட்டையும் நமக்கு நெருங்கிய உதாரணம். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்தில் பொலன்னறுவையைச் சுற்றிப் பெருங்குளங்கள் நிறைந்திருந்தன. 1215இல் மாகனின் படையெடுப்பு. அதற்குப் பின் தலைநகரம் தம்பதெனியா, யாப்பஹூவ, குருணாகல் என்று தென்மேற்கே நகர்ந்தது. வறண்ட வலயத்தின் பெரும்பகுதி காடானது. படையெடுப்பா, மலேரியாவா, வறட்சியா என்று விவாதம் நடந்துவருகிறது. 1971இல் கா. இந்திரபாலா இந்த விவாதத்தைத் தொகுத்து நூலாக்கினார். குளங்களைப் பேணத் தெரிந்த வகுப்பார் அழிந்ததால் அமைப்பே நின்றுபோனது என்ற வாதமே எனக்கு இன்றும் வலுவானதாகத் தெரிகிறது. குளம் அங்கேயே இருந்தது. அதன் மடையைத் திறந்து மூடும் கை இல்லாமல் போனது.

அதே 14ஆம் நூற்றாண்டில் எதிர்ச்சான்றும் இருக்கிறது. கடப்பை மாவட்டம் போருமாமில்லாவில் விசயநகர இளவரசன் பாஸ்கரன் ஓர் ஏரி கட்டி, 1369இல் கல்வெட்டும் நாட்டினான். ஆயிரம் ஆட்கள், நூறு வண்டிகள், இரண்டு ஆண்டு வேலை. நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு உறுப்புகளும் தவிர்க்க வேண்டிய ஆறு குற்றங்களும் அந்தக் கல்லில் பட்டியலாக உள்ளன. பருவமழை தளர்ந்திருந்ததாகக் குகைத்தூண் சொல்லும் அதே காலத்தில், அந்தத் தளர்ச்சிக்கு எதிராகப் புதிய ஏரி எழுகிறது. மழை குறைந்தது, ஊர்கள் அழிந்தன என்ற நேர்கோட்டில் இது அடங்காது.

ஊரை விட்டு மக்கள் வெளியேறியதற்கு எப்போதும் மழையையே காரணம் காட்டவும் முடியாது. 1429இல் இடங்கை, வலங்கைச் சாதியினர் ஒன்றுகூடி, விசயநகர அதிகாரிகளின் வரிக்கொடுமையை எதிர்த்து எடுத்த முடிவுகள் தென்னார்க்காடு, தஞ்சைப் பகுதிக் கல்வெட்டுகளில் இருக்கின்றன. நொபோரு கராஷிமா இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குடிகள் ஓடிப்போனதையும், வரியைக் குறைத்து மீண்டும் குடியேற்றியதையும் சொல்லும் ஆவணங்கள் இந்தக் காலத்தில் பெருகுகின்றன. இங்கிலாந்திலும் இதே பாடம் கிடைத்தது. வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட ஊரில் 1950 முதல் நாற்பது ஆண்டு அகழாய்வு நடந்தது. அங்கே கடைசிக் குடிகளை வெளியேற்றியது குளிர் அன்று, ஆடு மேய்க்க நிலத்தை வளைத்த நிலவுடைமையாளர்.

அப்படியானால் பெரிய மாற்றம் எது? குடியிருப்பின் எடை நஞ்சையிலிருந்து புஞ்சைக்கு நகர்ந்ததே என்பேன். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் தெலுங்கு பேசும் ரெட்டியார், கம்மவார், இன்னும் பல குடிகள் தெற்கே வந்து, அதுவரை மக்கள் குறைவாக இருந்த கரிசல் காட்டில் ஊர் அமைத்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்தில் இன்றும் அந்த ஊர்கள் இருக்கின்றன, கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' அந்த வருகையின் வாய்மொழி நினைவைத் தாங்கிய நாவல். கரிசல் மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கம்பு, சோளம், பருத்தி மானாவாரியில் விளையும். மிச்சத்துக்குக் கிணறும் கமலையும். நெல்லைச் சீமையின் உழவர் வரலாற்றை எழுதிய டேவிட் லட்டன், ஈரநிலம், கலப்புநிலம், வறள்நிலம் என்று மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேறுவேறு சமூகம் உருவானதைக் காட்டினார். மழை நம்பகமில்லாத காலத்தில், ஒரே ஏரியை நம்பி நெல் விளைத்த ஊரைவிட நாலு பயிரும் கிணறும் வைத்த புஞ்சை ஊர் தாக்குப்பிடிப்பது எளிது. நாயக்கர் படைத்தலைமையும் பருத்தி வாணிகமும் இந்த நகர்வைத் தள்ளின. காலநிலை அதற்குச் சாதகமாக நின்றது. இதற்கு மேல் காலநிலைக்கு உரிமை கொடுக்கச் சான்று போதாது.

6. சதுப்பின் விளிம்பு

இனி நாம் உட்கார்ந்திருக்கும் இடம். சோழர் காலத்தில் இது புலியூர்க் கோட்டம். வேளச்சேரி ஒரு சதுர்வேதிமங்கலம்; அதற்குச் சபை உண்டு; தண்டீசுவரர் கோயிலிலும் செல்லியம்மன் கோயிலிலும் கல்வெட்டுகள் உள்ளன. கிழக்கே கடலோர மணல்மேட்டில் திருவான்மியூர். இந்த இரண்டு பழைய ஊர்களுக்கும் தெற்கே, நடுப்பள்ளத்தில் விரிந்த நிலத்தில் அப்படியொரு பெரிய மங்கலத்தை யாரும் நிறுவவில்லை. பெரியவர்கள் கழுவெளி என்று சொல்லும் அந்தப் பள்ளம்தான் பள்ளிக்கரணை. மேற்கே அடுக்கடுக்காக உள்ள 31 நீர்நிலைகளின் வழிநீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகத்துக்கு இறங்குகிறது.

அந்த வெற்றிடத்தை நான் ஒரு தீர்மானமாகவே வாசிக்கிறேன். ஏரிச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் கரை கட்டாமல், நீர் பரந்து தணிய இடம் விட்டார்கள். பிற்கால வருவாய்க் கணக்கில் இது தரிசு என்று எழுதப்பட்டது. விளையாத நிலத்துக்கு அந்தக் கணக்கில் வேறு பெயர் இல்லை. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த சதுப்பில் குப்பைமேடும் சாலையும் கட்டடமும் ஏறிய பிறகு மிஞ்சியது சிறு பகுதி. 2022இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே மாம்பலத்தின் நீண்ட ஏரிக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. 1920களில் தொடங்கித் தூர்த்து, தியாகராய நகரின் தெருக்களாக ஆக்கிவிட்டோம்.

7. எங்கே தோண்ட வேண்டும்

தமிழ்நாட்டில் இடைக்காலக் கோயில்களைப் பற்றி நிறையத் தெரியும். இடைக்கால வீடுகளைப் பற்றிக் கொஞ்சமே தெரியும். கல்வெட்டு, கொடுத்தவர்களின் ஆவணம். மழையைப் பற்றி அது பேசுவது தற்செயலாகத்தான். நான் இன்று முன்வைத்த கருத்தைச் சோதிக்க வேறு வகைச் சான்று வேண்டும். அது மண்ணுக்கடியில் இருக்கிறது.

ஏரி வண்டலில் மகரந்தமும் கரித்துகளும் நுண்பாசி ஓடுகளும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். ஒரு குழாயை நேராக இறக்கி மண்ணை முழுசாக எடுத்தால், நெல் விளைந்த காலம் எது, புல் முளைத்த காலம் எது என்று அடுக்கு அடுக்காகப் படிக்கலாம். ஆனால் பேணப்பட்ட ஏரியில் வண்டலை அள்ளியிருப்பார்கள். அடுக்குகள் விட்டுவிட்டே கிடைக்கும். அந்த இடைவெளியே நமக்குச் சான்று: அடுக்கு இல்லாத காலம் வாரியம் வேலை செய்த காலம், தடித்த அடுக்கு ஏரி கவனிப்பாரற்றுக் கிடந்த காலம். மழையின் தொடர்ச்சியான பதிவை யாரும் தூர் வாராத இடத்தில், பள்ளிக்கரணையில் இன்னும் கலையாத தென்பகுதியில் தேடலாம். சதுப்பிலிருந்து மழையின் வரலாறு, ஏரியிலிருந்து பேணலின் வரலாறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஊர்கள் எதன்படி எழுந்தன, எதன்படி கலைந்தன என்று தெரிந்துவிடும். ஏரி கெட்ட காலமும் மழை கெட்ட காலமும் ஒன்றாகவே வந்திருந்தால் என் வாதத்தைக் கைவிட வேண்டும்.

2017இல் குடிமராமத்துத் திட்டம் தொடங்கிய பிறகு ஏரிகளில் தூர் வாருவது வேகம் பிடித்திருக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் ஆயிரம் ஆண்டு வண்டல் லாரியில் ஏறிப்போவதற்கு முன், ஏரிக்கு ஒரு குழாய் மண்ணையாவது எடுத்து வைக்க வேண்டும் என்று நீர்வளத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இந்த மேடையிலிருந்து வேண்டிக்கொள்கிறேன். மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், உத்திரமேரூர் என்று மூன்று ஏரிகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மூன்றிலும் ஏரியோடு தொடர்புடைய அரசன் யார் என்று தெரிந்திருப்பதால் அடி அடுக்கின் காலம் ஓரளவு நமக்குத் தெரியும். உத்திரமேரூரில் வாரியத்தின் விதிகளும் கூடவே கல்லில் இருக்கின்றன. தரை காய்ந்து, இயந்திரங்கள் இறங்குவதற்கு முந்தைய மே மாதம் இதற்கு ஏற்ற நேரம்.